கண்ணாடி ஆறு, கண் இரண்டு

லண்டனில் ஓடும் ஒரு பெரிய லொறியின் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது வீதி அல்ல, கண்ணாடிகள். வலது கதவுக்கு வெளியே நீளமாக ஒன்று, அதன் கீழே அகலப் பார்வைக்கு இன்னொன்று. இடது பக்கத்திலும் அதே சோடி. இடது கதவுக்கு மேலே நிலத்தைப் பார்த்துக் கவிழ்ந்தபடி ஐந்தாவது. முன்பக்க மேல் மூலையிலிருந்து வெளியே நீண்டு லொறியின் மூக்கடியைக் காட்டுவது ஆறாவது. இவ்வளவும் போதாதென்று டாஷ்போர்டில் ஒரு திரை, அதன் பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் எரியும் ஒரு சின்னப் பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கீச்சிடும் ஒரு பஸர். கண்ணாடி ஆறும் கொம்பனியிலிருந்தே வருபவை. திரையும் பெட்டியும் பஸரும் பல லொறிகளில் பிறகு வந்து சேர்ந்தவை. அவற்றைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு கராஜில் பஸ் வயரிங் பழகியவன் நான். இப்போது ஒரு வானில் ட்ரில், வயர்ச் சுருள், மல்டிமீற்றர் எல்லாம் ஏற்றிக்கொண்டு பார்க் ரோயல், பார்க்கிங், டகனம், ரெயின்ஹாம் என்று யார்ட் யார்டாகப் போகிறேன். கட்டட மண் அள்ளும் டிப்பர், கொங்கிரீட் கலக்கும் லொறி, தமிழ்க் கடைகளுக்கு அரிசி மூட்டை இறக்கும் லொறி எல்லாவற்றுக்கும் அடியில் படுத்திருக்கிறேன்.

லொறி ஓட்டுபவர்களைப் பற்றிச் சனத்துக்கு ஒரு எண்ணம் உண்டு: ஆளைப் பார்த்தும் பாராமல் ஓட்டுகிறார்கள் என்று. அப்படிச் சொல்பவரைச் சாரதி இருக்கையில் ஏற்றி இருத்திவிட்டால் அரைவாசிக் கோபம் அங்கேயே போய்விடும். லண்டன் மாநகரப் பொலிஸார் 'எக்ஸ்சேஞ்சிங் பிளேசஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தி இதைத்தான் செய்தார்கள். தெருவோரம் ஒரு லொறியை நிறுத்தி, சைக்கிளில் வருபவர்களைக் கூப்பிட்டு மேலே ஏற்றுவார்கள். கீழே ஒருவர் சைக்கிளோடு லொறியின் இடப்பக்கத்தால் வருவார். எங்கே தெரிகிறார், எங்கே காணாமல் போகிறார் என்று மேலே இருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நானும் வேலை முடிந்ததும் ஏறக்குறைய அதையே செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெடியன் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு லொறியைச் சுற்றி நடப்பான். நான் மேலே இருந்து பார்ப்பேன். நான்கு அச்சு டிப்பர் என்றால் சாரதியின் கண் நிலத்திலிருந்து இரண்டரை மீற்றருக்குக் கிட்ட இருக்கும். பெடியன் மூக்கோடு ஒட்டி நடக்கும்போது முன்கண்ணாடியின் கீழ்விளிம்பில் அவனுடைய தலைமயிர் மட்டும் போகும். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான் என்றால் அதுவும் இல்லை. இடது கதவடிக்கு வந்தால் ஜன்னலுக்குக் கீழே முழு ஆளுமே மறைந்துபோவான். மஞ்சள் ஜாக்கெட் இருந்து என்ன செய்ய? நடுவே நிற்பது தகரக் கதவு.

பிரித்தானியாவில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருப்பதுபோலவே. சைக்கிள் போவது வீதியின் இடதோரம். ஆகவே சாரதிக்கு எட்டாத பக்கமே சைக்கிள்காரரின் பக்கமாகிவிடுகிறது. சிவப்பு விளக்கில் லொறி நிற்கும். இடப்பக்கத்தில் இடைவெளி இருக்கிறதே என்று சைக்கிள் மெல்ல முன்னேறி வரும். பச்சை விழும். இடப்பக்கம் திரும்பவேண்டிய நீள வண்டி முதலில் கொஞ்சம் வலக்கைப் பக்கம் ஒதுங்கித்தான் திரும்பும். கீழே இருப்பவருக்கு அது தனக்கு வழிவிடுவதாகத் தோன்றும். முன்சில்லு போன தடத்தில் பின்சில்லு போகாது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். விபத்தில் சாரதி பலமுறை உணர்வது ஒரு சின்னக் குலுங்கலை மட்டும்தான். நடைபாதை விளிம்பில் ஏறிவிட்டேன் என்று நினைத்தேன் என்பார்கள்.

லண்டனில் லொறிகள் ஓடும் தூரம் எல்லா வாகனங்களும் ஓடும் தூரத்தில் 4 சதவீதம்தான். ஆனால் 2015 முதல் 2017 வரை சைக்கிள்காரர் இறந்த விபத்துகளில் 63 சதவீதத்திலும், பாதசாரிகள் இறந்த விபத்துகளில் 25 சதவீதத்திலும் லொறி ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது.

இதெல்லாம் முன்னும் பக்கமும். பின்பக்கம் வேறு கதை.

பக்கத்துக்கு ஜன்னலைப் பெரிதாக்கலாம், முன்னுக்கு இருக்கையைத் தாழ்த்தலாம். முதுகுக்குப் பின்னால் நிற்பது சாமான் பெட்டியின் சுவர். அதற்கு எந்த ஜன்னலும் உதவாது. பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரண்டு விலாவையும் காட்டும், வாலைக் காட்டாது. பெட்டியின் அகலத்துக்கு நேர் பின்னால் ஒரு கார் நின்றாலும் தெரியாது, கிழவி ஒருவர் நின்றாலும் தெரியாது. வேலையிடங்களில் வாகனங்களால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று வண்டி பின்னுக்கு எடுக்கும்போது நேர்கிறது என்று பிரித்தானியச் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. ஒரு லொறி நாள் முழுக்க ஓடும் தூரத்தில் பின்னுக்குப் போவது எவ்வளவு? சில மீற்றர்கள். அந்தச் சில மீற்றருக்குத்தான் இந்த நாலில் ஒன்று.

ஆர்டிக் எனப்படும் தலையும் டிரெய்லருமான வண்டியில் சிக்கல் இன்னும் கூட. நீளம் 16.5 மீற்றர் வரை. பின்னுக்கு எடுக்கும்போது தலை ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமுமாக மடியும். மடிந்ததும் ஒரு பக்கக் கண்ணாடி நிறைய டிரெய்லரின் சுவர். மற்றப் பக்கக் கண்ணாடியில் வெறும் வீதி. டிரெய்லரின் வாலை வலப்பக்கம் மடக்கினால் சாரதி ஜன்னலால் தலையை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். இடப்பக்கம் மடக்கினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். 'பிளைண்ட் சைட் ரிவேர்ஸ்' என்று இங்கே சொல்வார்கள். அனுபவப்பட்ட சாரதி அதைச் செய்யமாட்டார். ஒரு சுற்றுச் சுற்றிவந்து மற்றப் பக்கத்தால் எடுப்பார். சுற்றிவர இடமில்லாத யார்டில் வேறு வழியில்லை.

இதற்குத்தான் பின்கமரா. கேட்கச் சின்ன விஷயம், பொருத்தும்போது தெரியும் பாடு. டிப்பரின் பின்கதவில் வைத்தால் மண் கொட்டும்போது கதவோடு சேர்ந்து ஆடும், கல் விழுந்து உடையும். கீழே சேசியில் வைத்தால் சில்லு வாரியடிக்கும் சேறு லென்ஸை மூடும். நான் பின்குறுக்குச் சட்டத்தின் உட்பக்கத்தில், மேலே ஒரு துண்டு இரும்புத் தகட்டைக் கூரையாகப் போட்டு வைப்பேன். வயரைச் சேசியோடு இழுத்து, சூடேறும் புகைக்குழாயிலிருந்து தள்ளிக் கட்டி, கேபினுக்குள் போகும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டு நுழைக்க வேண்டும். ரப்பர் இல்லாமல் விட்டால் தகர விளிம்பு ஒரு வருஷத்துக்குள் வயரை அறுத்துவிடும். ரிவேர்ஸ் லைட்டுக்குப் போகும் 24 வோல்ட் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்துத் திரைக்குக் கொடுத்தால், கியரை ரிவேர்ஸில் போட்டதும் திரை தானாகப் பற்றும். பிறகு படத்தை இடம் வலமாகப் புரட்டி வைக்க வேண்டும். சாரதியின் மூளை கண்ணாடியில் பார்த்துப் பழகியது. கண்ணாடியில் இடது இடதாகத் தெரியும். புரட்டாத கமராப் படத்தில் இடது வலதாகிவிடும்.

கடைசியாகத் திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். அவை படத்துக்கு அழகாகப் போட்டவை அல்ல. நிலத்தில் டேப்பால் அளந்து கூம்பு வைத்து, அந்தக் கூம்பின் அடியில் கோடு விழும்படி சரிபார்க்க வேண்டும். அகல லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளதைவிடத் தூரமாகக் காட்டும். கோடு பிழைத்தால் சாரதி கமரா இல்லாத காலத்தைவிடத் துணிவாக இடிப்பார்.

டிரெய்லர்களில் இந்தக் கமரா இன்னும் சரியாக வேரூன்றவில்லை. தலை ஒருவருடையது, டிரெய்லர் இன்னொருவருடையது, நாளைக்கு வேறொன்று. தலைக்கும் டிரெய்லருக்கும் நடுவே தொங்கும் சுருள் வயரில் கமராவுக்கான பிளக் இல்லையென்றால் கேபினுக்குள் எவ்வளவு நல்ல திரை இருந்தும் கறுப்பாகத்தான் கிடக்கும்.

எங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கிளீனர் இருந்தான். சுன்னாகச் சந்தைக்குள் லொறி பின்னுக்கு வரும்போது அவன் இறங்கி ஓடி, பெட்டியில் கையால் தட்டி, "வரட்டும், வரட்டும், கொஞ்சம் இடக்கை… நிப்பாட்டு!" என்று கத்துவான். சாரதி கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். தட்டுச் சத்தத்திலேயே வண்டி வந்து நிற்கும். இங்கே கிளீனர் கிடையாது, சம்பளம் கட்டுபடியாகாது. கட்டட வேலையிடங்களில் மட்டும் 'பாங்ஸ்மன்' என்று ஒருவர் கைகாட்டி வண்டியை வரவைப்பார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அப்படிக் கைகாட்டுபவர்களே லொறிக்கடியில் அகப்படுகிறார்கள். ஆகவே சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் முதலில் கேட்பது, பின்னுக்கு எடுக்கத்தான் வேண்டுமா என்பது. ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போகும்படி யார்டை அமைக்க முடியாதா? முடியாவிட்டால்தான் கமராவும் ஆளும். கைகாட்டுபவர் கண்ணாடியில் காணாமல் போன அந்தக் கணத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். வீட்டு வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்கும் நாமும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

பின்பக்கத்துக்கு இன்னொரு துணை சத்தம். ரிவேர்ஸ் போட்டால் 'பீப் பீப்' என்று ஒலிப்பது எல்லாருக்கும் தெரியும். அதை ஜப்பானில் கண்டு, 1976இல் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்து பிரிகேட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் கிறிஸ் ஹான்சன்-அபொட். லண்டனுக்குப் பக்கத்தில் கென்ட்டில் இருக்கிறது அந்த நிறுவனம். அந்தப் பீப்பில் ஒரு குறை உண்டு. ஒரே சுருதியில் வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எங்கள் காதுக்குச் சரியாகப் பிடிபடாது. இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. அதற்குப் பல சுருதிகள் கலந்த ஒலி வேண்டும். நான்கு லொறி நிற்கும் யார்டில் பீப் கேட்டால் நாலுபேரும் திரும்பிப் பார்ப்பார்கள், எது வருகிறது என்று யாருக்கும் தெரியாது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் செவிப்புலனை ஆராய்ந்த டெபரா விதிங்டன், பல சுருதிகள் கலந்த ஒலியின் திசையைக் காது உடனே பிடிக்கும் என்று காட்டி அதை எச்சரிக்கைக் கருவிகளுக்குக் கொண்டுவந்தார். இப்போது லண்டன் தெருக்களில் சில லொறிகள் பின்னுக்கு வரும்போது 'உஷ்… உஷ்…' என்று, தோசைக்கல்லில் மா விழுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்கிறதே, அது இதுதான். கிட்ட நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும், நாலு வீடு தள்ளிப் படுத்திருப்பவருக்குக் கேட்காது. குடியிருப்புத் தெருக்களில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஹோர்ன் அடிக்கக்கூடாது என்ற சட்டம் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

விதிகளுக்கு வருகிறேன். 2013 நவம்பரில் இரண்டு கிழமைக்குள் ஆறு சைக்கிள்காரர்கள் லண்டன் வீதிகளில் இறந்தார்கள். எல்லாரும் லொறியால் இறந்தவர்கள் அல்ல, ஆனால் அந்த இரண்டு கிழமைக்குப் பிறகு லொறியைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அந்தக் காலத்தில் லொறிகளின் முதுகில் 'சைக்கிள்காரரே, தள்ளி நில்லுங்கள்' என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சைக்கிள் சங்கங்கள் கொதித்துவிட்டன. வீதி எங்களுடையதும்தான், மோதுவது லொறி, தள்ளி நிற்கவேண்டியது நாங்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஸ்டிக்கர் மாறியது, இப்போது இருப்பது 'இங்கே சாரதிக்குத் தெரியாது, கவனம்' என்ற பொருளில்.

2015 செப்டெம்பர் 1 முதல் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு லண்டனில் பக்கத் தடுப்புச் சட்டமும், நான் மேலே சொன்ன ஐந்தாவது ஆறாவது கண்ணாடிகளும் கட்டாயமாயின. ஆனால் கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே போவதில் ஒரு எல்லை இருக்கிறது. ஆறையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதற்குள் முதலாவது கண்ணாடியில் உலகம் மாறியிருக்கும்.

லீட்ஸ் பல்கலைக்கழகமும் அரப் என்ற பொறியியல் நிறுவனமும் இதைச் சிமுலேற்றர் கூடத்தில் அளந்து பார்த்தன. ஜன்னலால் நேரே பார்க்கும் சாரதியைவிடக் கண்ணாடியையும் திரையையும் பார்த்து ஓட்டுபவர் சராசரியாக 0.7 செக்கன் பிந்தித்தான் பிரேக்கில் கால் வைக்கிறார். முக்கால் செக்கனுக்கும் குறைவு. மணிக்கு 15 மைல் வேகத்தில் அதற்குள் லொறி 4.7 மீற்றர் போய்விடும். ஒரு காரின் நீளத்தைவிட அதிகம்.

இதை வைத்துத்தான் லண்டன் 'டைரக்ட் விஷன் ஸ்டாண்டர்ட்' என்ற நேரடிப் பார்வை விதியைக் கொண்டுவந்தது. லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லொறிகளைக் கணினிக்குள் உருவாக்கி, சாரதியின் கண் இருக்கும் இடத்திலிருந்து ஜன்னல்களால் எவ்வளவு இடம் கண்ணாடி உதவியில்லாமல் தெரிகிறது என்று கணக்கிட்டார்கள். அதன்படி ஒவ்வொரு லொறிக்கும் 0 முதல் 5 வரை நட்சத்திரம். 12 தொன்னுக்கு மேற்பட்ட எந்த லொறியும் பெருநகர லண்டனுக்குள் ஓட அனுமதி எடுக்க வேண்டும். போலந்திலிருந்து வந்தாலும் சரி. அனுமதிக்குக் காசில்லை. இல்லாமல் ஓடினால் 550 பவுண் தண்டம், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. 2021 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. வாசலில் தடை எதுவும் இல்லை. இலக்கத் தகட்டை வாசிக்கும் கமராக்கள் நாள் முழுக்க, வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் கட்டத்தில் பூச்சிய நட்சத்திர லொறிகள் மட்டும் கமரா, சென்சர், இடப்பக்கம் திரும்பும்போது வெளியே நிற்பவருக்குக் கேட்கும் எச்சரிக்கை எல்லாம் பூட்டினால் போதும் என்றிருந்தது. அந்தச் சென்சர்கள்தான் வினையாகின. பம்பரிலும் விலாவிலும் பதிக்கும் அந்தச் சின்ன வட்டங்கள் மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பவை. பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியும், என்ன இருக்கிறது என்பது தெரியாது. வல்வெட்டித்துறைக்கார அண்ணை ஒருவர், டிப்பர் ஓட்டுபவர், ஒருநாள் யார்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உந்தச் சனியன்ர வாயை அடைச்சு விடு. காலமை தொடங்கினா பின்னேரம் வரைக்கும் கத்துது. லைட் போஸ்டுக்கும் கத்துது, குப்பை வாளிக்கும் கத்துது. ஆள் நிண்டாலும் அதே சத்தம்தான். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கழட்டேலாது அண்ணை. கழட்டினா பேர்மிட் போயிடும்."

"அப்ப சத்தத்தையாவது குறைச்சு விடன்."

அவருடைய பஸரின் வாயில் ஏற்கனவே இரண்டு சுற்று கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. இப்படி டேப் ஒட்டிய பஸர்களை நான் எத்தனையோ யார்டில் பார்த்திருக்கிறேன். சாரதிமார் ஒழுங்கில்லாதவர்கள் என்று முதலாளிமார் சொல்வார்கள். என் கருத்து வேறு. நாள் முழுக்கப் பொய் சொல்லும் கருவியை நம்பச் சொல்வது சாரதிக்குச் செய்யும் அநியாயம். உண்மையில் ஆள் வரும்போது அவர் தலையைத் திருப்பமாட்டார், திருப்பாததற்குக் காரணம் நாங்கள் பூட்டிய பெட்டிதான்.

லண்டன் இதைக் கவனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2024 ஒக்டோபர் 28 முதல் மூன்று நட்சத்திரம் கட்டாயம். அதற்குக் குறைந்த லொறிகள் கூர்மையான புதிய கருவிகள் பூட்ட வேண்டும். அவற்றில் முக்கிய நிபந்தனை, தெருவோரக் கம்பத்துக்கும் நிறுத்திய காருக்கும் சத்தம் போடக்கூடாது என்பது. ஆள், சைக்கிள், இவற்றுக்கு மட்டும் போட வேண்டும். மூக்குக்கு முன்னால் யாராவது நிற்கும்போது லொறி புறப்பட்டால் அதற்கும் தனி எச்சரிக்கை. புதிய கருவியிலுள்ள ரேடார் இதை எப்படிப் பிரித்தறிகிறது என்றால், லொறியின் வேகத்தை அந்தப் பெட்டிக்குத் தனி வயரால் கொடுக்கிறோம். லொறி முன்னே போகும் அதே வேகத்தில் ஒரு பொருள் பின்னே போனால் அது நிலத்தோடு நிற்பது, கம்பம். வேறு வேகத்தில் அசைந்தால் அது உயிரோடு வருவது. சில கருவிகள் கமராப் படத்தில் மனித உருவத்தையே தேடுகின்றன. மழை இரவில் குடை பிடித்தவரை அவை தடுமாறித்தான் பார்க்கும், ஆனால் குப்பை வாளிக்குக் கத்துவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

விதி வந்த அந்த மாரிகாலம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. பூட்ட ஆளும் சாமானும் கிடைக்காமல் பல கொம்பனிகள் வரிசையில் நின்றன. முற்பதிவுச் சான்று வைத்திருந்தவர்களுக்கு 2025 மே முதல் கிழமை வரை அவகாசம் கொடுத்தார்கள். ஒரு லொறிக்கு ஆயிரம் பவுணைத் தாண்டும் செலவு. இரண்டு மூன்று லொறி வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கு அது வலிக்கும் காசு. அவர்கள் திட்டிக்கொண்டே கட்டினார்கள், நான் தலையாட்டிக்கொண்டே வாங்கினேன்.

ஆனால் என் பிழைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொன்னால், நான் பூட்டுவதெல்லாம் ஒட்டுவேலை. மூல வருத்தம் கேபின் உயரம். ஐரோப்பாவில் லொறியின் முழு நீளத்துக்குச் சட்டத்தில் எல்லை இருப்பதால், சாமானுக்கு இடம் மிச்சம் பிடிக்க இயந்திரத்தின் மேல் கேபினைத் தூக்கி வைத்தார்கள். மூக்கு போனது, சாரதி மாடிக்குப் போனார். கல்லுடைக்கும் குழிக்குள் இறங்குவதற்கென்று டிப்பரை இன்னும் உயர்த்தினார்கள். அந்த டிப்பர் மாதத்தில் எத்தனை நாள் குழிக்குள் இறங்குகிறது? பாக்கி நாளெல்லாம் வைட்சப்பலிலும் கிங்ஸ் குரோஸிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே ஓடுகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. உங்கள் தெருவுக்குக் குப்பை அள்ள வரும் லொறியைப் பாருங்கள். பெரும்பாலும் டென்னிஸ் ஈகிள், அல்லது மெர்சிடிஸ் எக்கோனிக் ஆக இருக்கும். கேபின் தாழ்வு, ஒரு படி ஏறினால் இருக்கை. முன்கண்ணாடி இடுப்பு வரை இறங்கியிருக்கும். இடது கதவில் கீழ்வரை கண்ணாடி. சாரதியின் முகம் உங்கள் முகத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. நீங்கள் அவரைப் பார்க்கலாம், அவர் உங்களைப் பார்க்கலாம், கையசைத்து 'போங்கோ' என்பார். அதற்குப் பஸர் வேண்டாம். குப்பை லொறிக்கு இந்தக் கேபின் வந்தது பாதுகாப்புக்கு என்பதைவிட, வேலையாட்கள் நாளில் நூறு முறை ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான். காரணம் எதுவாயிருந்தாலும் பலன் வந்துவிட்டது. இப்போது அதே உடம்பில் கொங்கிரீட்டும் மண்ணும் ஏற்றும் லொறிகளும் லண்டனில் கண்ணில் படுகின்றன.

விதியில் ஓட்டைகளும் உண்டு. ஈஸ்ட்ஹாம் ஹைஸ்ட்ரீட் நோர்த்தில் காலமை நின்று பாருங்கள். எங்கள் கடைகளுக்கு மரக்கறியும் அரிசியும் இறக்க வரும் வண்டிகளில் பல 7.5 தொன் வகை. 12 தொன்னுக்குக் கீழே என்பதால் நட்சத்திர விதி அவற்றைத் தொடாது. ஆனால் பெட்டி வைத்த வண்டியின் முதுகு, 7.5 தொன்னிலும் 18 தொன்னிலும் ஒரேயளவு குருடு. அவை பின்னுக்கு வருவதும் நெடுஞ்சாலையில் அல்ல, கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் குறுக்குவழியாகப் பாவிக்கும் அதே ஒழுங்கையில். கடைக்கார அண்ணைமாரிடம் நான் சொல்வது, கமரா போட முதலாளியிடம் கேளுங்கோ. அது வரும்வரைக்கும் சாமான் எடுக்க வரும் பெடியனை முதலில் பின்னால் நிற்கவிட்டு, சாரதியின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கைகாட்டச் சொல்லுங்கோ. சிலர் கேட்கிறார்கள். சிலர், "அவன் முப்பது வருஷமா ஓடுறான், அவனுக்குத் தெரியாதே?" என்கிறார்கள். முப்பது வருஷமாகத் தகரத்துக்கு ஊடாகப் பார்க்க ஒருவருக்கும் பழகாது.

2022 ஜனவரியில் பிரித்தானிய வீதி விதிநூலைத் திருத்தினார்கள். பெரிய வாகனத்தில் வருபவருக்கே பொறுப்பு அதிகம் என்றும், நேரே போகும் சைக்கிளைக் குறுக்கே வெட்டித் திரும்பக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. பொறுப்பைச் சாரதியின் தலையில் வைக்கும்போது, பார்க்கும் வழியையும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் வாதம். ஐரோப்பிய ஒன்றியம் இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2026 ஜனவரி முதல் புதிதாக வடிவமைக்கும் லொறி வகைகளுக்கும், 2029 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய லொறிகளுக்கும் நேரடிப் பார்வைக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஓடும் லொறிகளும் பெரும்பாலும் அதே ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் இருந்துதான் வருகின்றன.

வல்வெட்டித்துறை அண்ணைக்குப் புதிய ரேடார் பெட்டி பூட்டியாயிற்று. டேப் ஒட்டவில்லை, நான் பார்த்தேன். அவருடைய முதலாளி அடுத்ததாக ஒரு தாழ்ந்த கேபின் லொறி எடுக்க யோசிக்கிறார். அதற்கு இடப்பக்கச் சென்சர் எதுவும் வேண்டியிராது. பின்கமரா மட்டும் பூட்ட வேண்டும், எந்த உயரத்தில் வைப்பது என்று இப்போதே என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார்.